ஏற்றிய வீடுகள், இறக்கிய வீடுகள்

வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், ஒரு அலமாரி மாடிப்படியில் திரும்புமா திரும்பாதா என்று எலியேசர் புரித்திகா சொல்லிவிடுவார். எங்கள் பல்மிச்சால் ஊரில் முப்பத்தோரு வருடமாக வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிறவர் அவர். மரியாதைக்குப் பெயரோடு 'தோன்' சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருந்தார். கட்டில், மெத்தை, தையல் மெஷின், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் அதன் மேல் கோபுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு ஆளையும் உட்காரவைத்து மலைப்பாதையில் இறங்குவார். பிறகு ஒரு டாட்ஜ் லாரி வாங்கினார். அது இன்னமும் ஓடுகிறது. ஏற்றத்தில் அது முனகுவது நாலு தெருவுக்குக் கேட்கும்.

அவருடைய அப்பா அம்மா காப்பி பறிக்கிறவர்கள். அறுவடை எங்கேயோ அங்கே குடும்பம். பதினான்கு வயதுக்குள் பத்தொன்பது இடங்களில் படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்பார். அதைச் சோகமாகச் சொல்லமாட்டார். பத்தொன்பது தோட்டங்களின் பெயரையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்.

அவர் மனைவி நூபியாவைக் கண்டதும் ஒரு வீட்டு மாற்றத்தில்தான். நூபியாவின் அம்மாவுடைய நிலைக்கண்ணாடியை இறக்கும்போது உடைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிறு போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது ஞாயிறு கண்ணாடிப் பேச்சே எழவில்லை.

நான் அவரைச் சந்தித்தது நகர அலுவலகத்தின் வரைபடப் பிரிவில். என் பெயர் மார்லெனி. அங்கே நாங்கள் மூன்று பேர். எங்களுக்குத் தலைவர் இஞ்சினியர் அர்சிலா. ஊரின் எந்தப் பேட்டை குடியிருக்க எவ்வளவு நல்லது என்று கணினியில் மார்க் போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிட நடை, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் நிற்குமிடம், தண்ணீர்க் குழாய், மரங்கள், பூங்கா, திருட்டுப் புகார்கள், காலியாக இருக்கும் வீடுகள் என்று பன்னிரண்டு விஷயங்கள். ஒவ்வொன்றையும் ஒரு அடுக்காக வரைபடத்தின் மேல் போர்த்தி, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று எண் கொடுத்தால், மென்பொருள் கூட்டிப் பெருக்கி ஊர் முழுக்க வண்ணம் பூசிவிடும். நல்ல இடம் கரும்பச்சை. மோசமான இடம் சிவப்பு.

அந்த வருடம் ஏப்ரல் மழையில் எல் குவாமால் சரிவில் மண் விரிசல் விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நாற்பத்தாறு குடும்பங்கள் உடனே வெளியேற வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கவைத்தோம். அவர்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வி எங்கள் மேஜைக்கு வந்தது. மென்பொருள் யோசிக்கவே இல்லை. எல் மிரதோர் என்ற புதிய பேட்டைக்கு நூற்றுக்கு எண்பத்தேழு மார்க். பூங்கா, பள்ளிக்கூடம், பஸ், எல்லாம் இருந்தன. காலி வீடுகளும் நிறைய.

சாமான்களை ஏற்றிப் போகக் கையெழுத்துப் போடத்தான் எலியேசர் வந்தார். மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் திரையைப் பார்த்தார்.

"இது என்ன இஞ்சினியரம்மா, கீரைப்பாத்தி மாதிரி?"

"நான் இஞ்சினியர் இல்லீங்க, தோன் எலியேசர். வெறும் டெக்னீசியன்தான். இது எல் மிரதோர். நம்ம ஊர்லயே குடியிருக்க நல்ல எடம் இதுதான்."

அவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. பக்கத்து அறையிலிருந்து அர்சிலா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"யாரு சொன்னது? அங்க நான் எறக்கினதைவிட ஏத்தினதுதாம்மா ஜாஸ்தி! ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், அவ்வளவுதான். போன் வந்துடும், 'தோன் எலியேசர், லாரி எப்ப வரும்'னு."

"காலி வீடு நெறைய இருக்கே, அது நல்லதுதானே?" என்றேன்.

"ஏன் காலியா இருக்குன்னு உங்க மிஷினு கேட்டுச்சா?"

எனக்கு முகம் சூடானது. காலி வீடுகளுக்கு நான்தான் மார்க் கூட்டிப் போட்டிருந்தேன்.

அர்சிலா கெட்டவர் இல்லை. அவசரத்தில் இருந்தார். "தோன் எலியேசர், லாரிக்காரர் வாய்வார்த்தையை வெச்சு நான் நாப்பத்தாறு குடும்பத்தோட விஷயத்தை முடிவு பண்ண முடியாது. கணக்கா எதாச்சும் இருந்தா குடுங்க. பத்து நாள் டைம்" என்றார்.

எலியேசரிடம் நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. எல்லாம் தலைக்குள்தான். அந்த வார இறுதி முழுக்க நான் மடிக்கணினியோடு அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தேன். நூபியா சூடான வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு நீட்டிக்கொண்டே இருந்தார். எலியேசருக்கு மனிதர்கள் பெயர் ஞாபகம் இல்லை, சாமான்கள்தான் ஞாபகம்.

"கால் உடைஞ்ச பச்சை சோபா. மிரதோர், மூணாவது பிளாக்கு. ஏத்தினது... அது ஜூன் மாசம்."

"ஜூன் இல்லை, ஆகஸ்டு," என்பார் நூபியா அடுப்படியிலிருந்து. "நம்ம மக லுஸ் மேரிக்குக் கல்யாணம் ஆன வாரம். நீ கோட்டு போட்டுக்கிட்டுப் போய் சோபா தூக்கின. தோள்பட்டை கிழிஞ்சுது."

"ஆமா, ஆகஸ்டு. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. என் தப்பையெல்லாம் தேதி போட்டு வெச்சிருப்பா."

"தப்பு கம்மியா இருந்தா நானும் மறந்திருப்பேன்ல."

இப்படி நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு மாற்றங்கள். சாமான் ஏற்றிய வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, இறக்கிய வீட்டுக்கு ஒரு நீலப் புள்ளி. ஞாபகத்தை நம்பலாமா என்று பார்க்க, முப்பதை மட்டும் எடுத்து மின் இணைப்புப் பெயர் மாற்றிய தேதிகளோடு ஒப்பிட்டேன். இருபத்தாறு பொருந்தின. மிரதோர் அம்மை போட்ட முகம் மாதிரி சிவந்து கிடந்தது. ஒரு குடும்பம் அங்கே தங்கும் காலம் சராசரியாகப் பதினான்கு மாதம். ஆற்றோரமாக இருக்கும் லா கபூயா என்ற பேட்டைக்கு எங்கள் மென்பொருள் ஐம்பத்தெட்டு மார்க்தான் கொடுத்திருந்தது. அங்கே எல்லாம் நீலம். சிவப்பு இரண்டே இரண்டு.

"அது என் பொழப்புல மண்ணைப் போட்ட பேட்டை," என்றார் எலியேசர். "ஒருவாட்டி கொண்டுபோய் விட்டா மறுபடி கூப்பிடவே மாட்டானுங்க. அந்த ரெண்டும்கூட, ஒண்ணு மெக்ஸிகோவுக்குப் போனது, இன்னொண்ணு புருஷன் பொண்டாட்டி சண்டை."

ஏன் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. திங்கட்கிழமை லாரியில் ஏறி மிரதோருக்குப் போனோம். காலை ஒன்பது மணிக்கு வெயிலில் கண் கூசியது. இவ்வளவு அழகான இடத்தை விட்டு யார் போவார்கள் என்று நினைத்தேன். பதினொரு மணிக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்தது. வந்து, உட்கார்ந்துகொண்டது. எதிர்க் கட்டடம் மறைந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பெண் எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்: குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் கம்பி கட்டி, அந்தச் சூட்டில் குழந்தையின் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார். தொட்டிலுக்கு மேலே சுவரில் கறுப்பாகப் பூஞ்சை.

"தினமுமா இப்படி?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைகூட லீவு கெடையாதுங்க," என்றார். "பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது."

லா கபூயாவில் மதியம் மூன்று மணி வரை வெயில் அடித்தது. பூங்கா கிடையாது. ஆனால் ஒரு தெரு இருந்தது. முந்நூறு மீட்டருக்குச் சமதளமான தெரு. எங்கள் ஊரில் சமதளமாக ஒரு பத்தடி கிடைத்தாலே அதிசயம். அங்கே கிழவர்கள் மூச்சு வாங்காமல் நடந்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பேச நாற்காலிகள் வாசலுக்கு வந்துவிட்டன. இதற்கெல்லாம் எங்கள் பன்னிரண்டு அடுக்குகளில் இடம் இல்லை.

அர்சிலா புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தார், மேகத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "மேகம் ஒரு காரணமா? மலைமேல இருக்கிற ஊர்ல மேகம் வராம இருக்குமா?" என்றார்.

"ஒரு கைக்குட்டையை நனைச்சுக் கட்டிட்டு வாங்க சார்," என்றார் எலியேசர். "நானும் பேசமாட்டேன், இந்தம்மாவும் பேசமாட்டாங்க. கைக்குட்டை பேசட்டும்."

அர்சிலா நிஜமாகவே போனார். பெயரின் முதலெழுத்துத் தைத்த கைக்குட்டையை நனைத்து, காலை ஒன்பதுக்கு மிரதோரில் ஒரு கொடியில் கட்டினார். பக்கத்துக் கடையில் காப்பி குடித்தபடி காத்திருந்தார். மூன்று மணிக்கு அவிழ்த்தபோது கட்டியபோது இருந்ததைவிட ஈரமாக இருந்தது. அதைக் காரின் முன்பக்கக் கண்ணாடி ஓரமாக விரித்து வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓட்டி வந்தவர், என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "வெயில் எத்தனை மணி நேரம்னு ஒரு அடுக்கு போடும்மா. அவரோட புள்ளிகளையும் சேத்துடு."

மிரதோர் நாற்பத்தொன்பதுக்கு இறங்கியது. லா கபூயா எண்பத்தொன்றுக்கு ஏறியது. ஆனால் லா கபூயாவில் காலியாக இருந்தவை பத்தொன்பது வீடுகள்தான். யாரும் விட்டுப் போகாத இடத்தில் வேறு எப்படி இருக்கும்?

அப்போது, அதுவரை எங்கள் பிரிவில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தோம். பள்ளிக்கூட வகுப்பறையில் கணினியை வைத்து, ஒவ்வொரு குடும்பமாக உட்காரவைத்து, உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டோம். அவர்கள் சொன்னபடி எண்களை மாற்ற மாற்ற, ஊரின் நிறமும் மாறியது. ஒரு குடும்பத்துக்குப் பச்சையாக இருந்த தெரு இன்னொரு குடும்பத்துக்குச் சிவப்பானது. சக்கர நாற்காலியில் மகளை வைத்திருந்த ஒரு தாய்க்கு ஊரிலேயே நாலே நாலு தெருக்கள்தான் பச்சை. அவர் அதைப் பார்த்து அழவில்லை. "நாலு இருக்குல்ல?" என்றார். அவருக்கு லா கபூயாவில் முதல் வீடு கொடுத்தோம். மற்றவர்களுக்கும் அவரவருக்குப் பச்சையான தெருக்களில் வீடு பார்த்தோம். எதீல்பெர்த்தோ என்ற ரொட்டிக்காரர் மட்டும் மிரதோர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "நாள் பூரா அடுப்பு முன்னாடி வேகுறேன். வீட்டுக்கு வந்தா குளிரட்டுமே! துணி? அதைப் பேக்கரியிலயே காயப்போட்டுக்கறேன்." அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கடைசிக் குடும்பம் எழுந்து போனபிறகு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த நூபியா காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் போடும்மா."

"நமக்கு எதுக்கு?" என்றார் எலியேசர். "வாடகை வீடு எல்லாம் ஒண்ணுதான்."

"பதினோரு வீடு பாத்தாச்சு. ஒவ்வொண்ணும் நீ யாரையோ ஏத்தப் போன எடத்துல காலியாச்சுன்னு பிடிச்சது. ஜனங்க வேணாம்னு விட்டுப்போன வீட்டுலதான் நான் குடித்தனம் பண்ணியிருக்கேன். நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "வெயில், முழு மார்க். பஸ் வேணாம், வாசல்ல லாரி நிக்குது. கோயில் பாதி போதும். அப்புறம் இவரோட தங்கச்சி வீடு, அதுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு மார்க் குடுக்க முடியுமா?"

"முடியும்," என்றேன்.

"விஞ்ஞானம் நல்லாத்தான் வளந்திருக்கு."

உங்களுக்கு எது முக்கியம் என்று எலியேசரிடம் கேட்டேன். ஊரில் உள்ள அத்தனை பேரும் ஏன் போகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று சொல்லத் தெரிந்த மனிதர், தொப்பியைச் சுழற்றிச் சுழற்றி அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு, "எட்டு வருஷம்," என்றார்.

"என்ன எட்டு வருஷம்?"

"கொட்டை போட்டு அவகாடோ மரம் காய்க்க அவ்வளவு நாள் ஆகும். சின்ன வயசுல எல்லாத் தோட்டத்துலயும் ஒரு கொட்டை நட்டேன். ஒண்ணையும் பாத்ததில்லை. அவ்வளவு நாள் யாரும் காலி பண்ணாத எடமா பாரும்மா."

நூபியா அவரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் இதை அவரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. தூக்கைத் திறந்து அவர் கையில் அரேப்பா என்கிற சோள ரொட்டி ஒன்றை வைத்தார்.

மென்பொருள் பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவைக் காட்டியது. இரண்டு அறை, கொல்லையில் பத்தடி மண். தன் சொந்தச் சாமான்களை ஏற்றிய அன்று எலியேசர் மூன்று முறை கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். "வேற ஆளைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் சமைச்சே முடிச்சிருப்பேன்," என்று நூபியா லாரியின் மேலிருந்து சத்தம் போட்டார்.

இப்போது வருடம் ஒருமுறை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து புதிய புள்ளிகளைச் சொல்கிறார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'கள ஆலோசகர்' என்று அர்சிலா எழுதிவைத்திருக்கிறார். போன மாதம் வருட முறைக்குக் காத்திராமல் வேகமாக வந்தார்.

"லா கபூயாவுல ஒரே வாரத்துல மூணு வீடு லாரி கேட்டிருக்கு. எதோ சரியில்லை. கெளம்பும்மா."

போய் விசாரித்தோம். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பொது ஜீப்பின் டிரைவர் வயதாகி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் நாற்பது நிமிடம் ஏறி நடக்க வேண்டியிருந்தது. யாரும் புகார் எழுதவில்லை, பேசாமல் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். அர்சிலா அன்றே கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் ஒரு சின்ன பஸ் விட்டார்கள். மூன்றில் இரண்டு குடும்பங்கள் லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மூன்றாவது குடும்பம் புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதால் போய்விட்டது.

பஸ்ஸின் முதல் நாள் நானும் போயிருந்தேன். ஏழு பேர் ஏறினார்கள். அவர்களில், பஸ் வேண்டாம் என்று அன்று சொன்ன நூபியாவும் ஒருவர். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இருக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாராம்.