எத்தனை படி?

கடைக்குள் நுழைந்ததும் ஷர்லி நாற்காலியைத் தேட மாட்டாள். கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரிப்பாள். "சேர்ல ஒக்காந்தா ஏதோ விக்க வந்திருக்குன்னு வெரட்டிருவாங்க. அண்டா மேல ஒக்காந்தா, நம்ம வீட்டுப் புள்ளதான்னு அவுங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்க" என்பாள்.

வயது முப்பத்தொன்று. சென்னையில் எட்டு வருடம் பார்த்த கம்பெனி வேலையைப் போன தை மாதம் உதறிவிட்டு இலுப்பூருக்கு வந்து சேர்ந்தாள். விருந்துப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடைகளுக்கு ஒரு செயலி. எது எந்த மண்டபத்துக்குப் போனது, எது இன்னும் திரும்பவில்லை என்று சொல்லும். பெயர் 'பந்தி'. எழுதுவது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவளேதான்.

அம்மா இன்னாசியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. "அண்டா குண்டா எண்ணத்தான் ஒன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சமா?"

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பொறும்மா. அதுக்குள்ள ஓடலைன்னா ஆபீசுக்கே போயிர்றேன்."

பழைய ஆபீசும் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவளை நம்பித் தன் பாத்திரக் கடையைத் திறந்துவிட்ட ஒரே ஆள் அழகுமலை. வைகாசியில் முதன்முதலாகக் காட்டியபோது திரையில் நாற்பத்திரண்டு கட்டங்கள். அண்டா எத்தனை, குண்டான் எத்தனை, கரண்டி எத்தனை? "ஏம்மா, இத நான் ரொப்புறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிரும். நாங்க கேக்குறது ஒரே கேள்வி. எத்தனை படி அரிசி? மிச்சமெல்லாம் அதுலயே வந்துரும்."

நாலு மாத உழைப்பு ஒரே வாக்கியத்தில் போனது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுது தீர்த்தாள். ஆனால் அவள் பிடி குரங்குப் பிடி. மறுநாளே வந்து அண்டா மேல் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து எழுதினாள். இப்போது 'பந்தி'யைத் திறந்தால் ஒரே கேள்விதான்; எந்தப் பாத்திரம் எத்தனை என்று அதுவே சொல்லிவிடும்.

அந்த முந்தின நாளும் வந்தது. ஐந்து கல்யாண வீட்டுப் பாத்திரங்கள் தடங்கலில்லாமல் வண்டி ஏறின. ஆறாவதாக வந்தவர் காதுகுத்துக்காரர்.

"கறி விருந்துங்க. முப்பது படி."

செயலி சாம்பாருக்குச் சொன்னது, ரசத்துக்குச் சொன்னது. கறிக்குச் சட்டியே சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கறி மணக்கும் வீட்டில் பிறந்தவள், கல்யாணம் என்றாலே பிரியாணி என்று வளர்ந்தவள், ஊரார் சாம்பாரைப் பற்றி யோசித்து யோசித்துத் தன் வீட்டுக் கறியை மறந்துவிட்டாள்! நமக்குச் சிரிப்பு. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அழகுமலை கணக்கு எழுதும் பழைய நோட்டை எடுத்தார்.

"எழுதுங்கண்ணே, தடுக்கல. ஆனா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். சோறு தண்ணி மறந்து போனது. நாலரை மணிக்கு அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு கிடாவெட்டுக்காரர் வந்து நின்றார். நாற்பது படி. அழகுமலையின் கை நோட்டுப் பக்கம் போய், பாதியில் நின்று, செல்போனை எடுத்தது.

"கறியா, சைவமா?" என்று கேட்டார். சற்று முன்னால் ஷர்லி சேர்த்த கேள்வி அது. பதிலைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "கறிச் சட்டி பெருசு மூணு, எலும்புக் கொழம்புக்கு அண்டா ஒண்ணு. ஏத்துங்கப்பா!"

வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. ஷர்லி எழுந்து போய்ப் பெரிய சட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். மேசை மேல் கிடந்த அவளுடைய போன் அடித்தது. சென்னை ஆபீஸ். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

மறு காதைப் பிடித்திருந்த லோடுமேன் சட்டியை இறக்கப் பார்த்தார். "போன் அடிக்குதும்மா."

"அடிக்கட்டும்ணே" என்றாள் ஷர்லி. "நீங்க தூக்குங்க."