சீர் டிவியும் நிற்காத அலையும்

டிவி ரிப்பேரில் டிவியைச் சமாளித்துவிடலாம், கூட வருகிற குடும்பத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இந்தப் பிழைப்பில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! எண்பதுகளில் சேலம் அஸ்தம்பட்டியில் நானும் மாணிக்கமும் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தோம். ஈயம் உருகும் அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அடடா, என்ன காலம் அது!

திரும்பி வந்த சீர்

ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கறுப்பு வெள்ளை டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர். படம் உருண்டுகொண்டே இருக்கிறது என்று, மாமியார் வீட்டில் டிவியோடு மகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் செல்வி, அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, படம் நின்னாத்தானுங்க எம்புள்ள அவ ஊடு போய்ச் சேருவா."

எங்கள் பெட்டியும் ஓடியது

சிக்னலை அலையாக வரைந்து காட்ட எங்களிடம் ஓர் ஆசிலாஸ்கோப் இருந்தது. எந்த சிக்னலைப் பார்த்துக் கோட்டைத் தொடங்குவது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ட்ரிகர் சோர்ஸ் சுவிட்ச். டிவிக்குள் ஸ்கோப்பின் வயரை வைத்தேன். அலை தறிகெட்டு ஓடியது. எல்லாக் குமிழையும் திருகினேன், கூடவே மாணிக்கத்தையும் திட்டினேன். கடைசியில் பார்த்தால் சுவிட்ச், வெளியிலிருந்து தனி வயரில் வரும் சிக்னலுக்கான 'எக்ஸ்டர்னல்' பக்கம் கிடக்கிறது, அந்த முனையில் வயரே இல்லை! எட்டிப் பார்த்த பெரியவருக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்க டிவிதான் ஓடுதுன்னு கொண்டாந்தேன், உங்க பொட்டியுமுங்களா?"

படம் நின்றது

பார்க்கிற சிக்னலையே வைத்துக் கோட்டைத் தொடங்கும்படி சோர்ஸை 'இன்டர்னல்' ஆக்கினேன். அப்போதும் அலை துள்ளியது, படத்தின் சிக்னலும் உள்ளே புகுந்து குழப்பியது. வேண்டாததை வடிகட்டும் கப்ளிங் சுவிட்சை 'டிவி'க்குத் தள்ளினேன். அந்த இடத்தில் வைத்தால் படத்தை ஒதுக்கிவிட்டு, படத்தைப் பிடித்து நிறுத்தும் துடிப்பை மட்டும் ஸ்கோப் எடுத்துக்கொள்ளும். அலை கப்பென்று நின்றது. அந்தத் துடிப்பு பாதி வழியிலேயே தேய்ந்துபோவது அப்பட்டமாகத் தெரிந்தது. அதைக் கடத்துகிற, பழுதான ஒரு கன்டென்சரை மாற்றினேன், அவ்வளவுதான். டிவியில் படம் அசையவில்லை.

பெரியவர் கண் கலங்கிவிட்டார். "கெளம்பு சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மகளைக் கூப்பிட்டார். செல்வி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. வந்ததிலிருந்து அப்போதுதான் பேசினாள்.

"டிவிய அனுப்பிருங்கப்பா, அவங்களுக்கு வேணுங்கறது அதுதானுங்க. நான் போகலைங்க."

எத்தனையோ டிவிகளைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். பெண் துணையில்லாமல் தனியாக மாமியார் வீடு போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.