தலையாட்டாத ஓம்

கழுத்துப்பட்டையின் ஒட்டுப்பட்டி பிரியும் 'சர்ர்' என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புதுச் சீலையை யாரோ அடுத்த அறையில் கிழிப்பது போன்ற சத்தம். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில், விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கழுத்தில் அடிபட்டவன் திரும்ப விளையாடலாமா என்பதை அவர் முடிவு செய்வார். அவர் சொல்லும் 'இல்லை'யைத் தமிழில் சொல்லி ஏச்சு வாங்குவது நான். இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசிய எவருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

காலில்தான் பிடிப்போம்

ஜெயன் வாரநாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவினான். கோடை ஞாயிறுகளில் வோபர்ன் பூங்காவில் கபடி. அவனை மடக்க நாலு பேர் வேண்டும். ஒருநாள் நாலு பேரும் மேலே விழுந்ததில் கழுத்து மடங்கி, வலக்கை நெருப்பாய் எரிந்து, விரல்கள் விறைத்துப்போயின.

எக்ஸ்ரேயில் முறிவில்லை. ஆனாலும் வலி முற்றாகப் போகவேண்டும், கையின் பலம் திரும்பவேண்டும், கழுத்து எல்லாப் பக்கமும் தாராளமாய் அசையவேண்டும், அதுவரை கழுத்தில் பட்டை, ஆட்டமில்லை என்றார் மருத்துவர். அதற்குள் இன்னோர் அடி விழுந்தால் கைகால் விளங்காமல் போகலாம். நான் சொல்லி முடித்ததும் கூட வந்த அணித்தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்ரி, டொக்டருக்குச் சொல்லுங்கோ, நாங்கள் ஆளைக் கழுத்திலை பிடிக்கிறேல்லை, காலிலைதான் பிடிக்கிறனாங்கள்."

எங்கடை ஆள்

இறுதிப்போட்டி நெருங்கியபோது ஜெயன் பட்டையில்லாமல் வந்தான். வலி? இல்லை. விறைப்பு? இல்லை. காதால் தோளைத் தொடச் சொன்னார் மருத்துவர். ஜெயன் தோளைத் தூக்கிக் காதுக்குக் கொடுத்தான். இன்னும் சில கிழமை பொறுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கள் இங்கிலிஷிலை கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன, அன்ரி? எங்கடை ஆள்தானே நீங்கள்?"

வசந்தி

அடுத்த முறை மனைவி வசந்தியும் வந்தாள். வீட்டில் பழகியிருக்கவேண்டும், ஜெயன் பல்லைக் கடித்தபடி எல்லாப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக் காட்டினான். மருத்துவர் ஏறக்குறைய இணங்கிவிட்டார். அப்போதுதான் வசந்தி, தன் கையைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னாள்:

"இவர் ஓம் எண்டால் தலையும் சேர்ந்து ஆடுற ஆள். விழுந்த நாளிலையிருந்து வாய் மட்டும்தான் ஓம் எண்டுது."

மருத்துவர் என்னைப் பார்த்தார். ஜெயனும் பார்த்தான்.

"அன்ரி, இவ சொன்ன உதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சொன்னேன். விளங்கட்டும் என்று நம்மவர் ஆம் என்பதற்கு 'ஓம்' சொல்லும் விதத்தை என் கழுத்தை ஆட்டியும் காட்டினேன். மருத்துவர் எழுந்துபோய் ஜெயனின் பிடரியில் ஓரிடத்தை விரலால் அழுத்தினார். அவன் சத்தம் போடவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அந்த முறையும் 'இல்லை'தான்.

ஜெயன் பிறகு கபடி ஆடவேயில்லை. மில்லிக்கனில் வீடு வாங்கி, பஸ் ஓட்டி, இப்போது கோயிலில் என்னைத் தவிர எல்லோருக்கும் நன்றாகத் தலையாட்டுகிறான்.