முழங்காலளவுக் கடல்

செய்தி வந்தபோது நான் மீன் சந்தையில் ஒரு நண்டோடு வாதாடிக்கொண்டிருந்தேன். நண்டு விற்றவர் என்னோடு வாதாடுவதை நிறுத்திப் பத்து நிமிடமாகியிருந்தது. கைபேசி அடித்தது. ஜெசிந்தாவின் அக்கா மகள் நிரோஷா. "மாமா, சின்னம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா." அந்தக் கணத்தில் மன்னார்த் தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெருநிலத்தோடு பாலம் போட்டு இழுத்துக் கட்டியிருந்தபடியால்தான் இந்தியாப் பக்கம் மிதந்து போகாமல் தப்பியது. மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஜெசிந்தா இருந்திருந்தால் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பார். வெட்ட ஆளில்லை, ஆகவே சாய்ந்தது சாய்ந்ததுதான்.

மரிய ஜெசிந்தாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழகத்து அகதி முகாமில் தட்டச்சுப் பழகி, ஊர் திரும்பி, மன்னார் நகரத்து அச்சகம் ஒன்றில் கணினிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தவர். எங்கள் இலக்கிய வட்டத்துப் புலவர் பெருமக்கள் அத்தனை பேருடைய நூல்களையும் பக்கம் பக்கமாக அமைத்தவர் அவரே. நூலின் கடைசிப் பக்கத்தில், "தட்டச்சில் உதவிய சகோதரிக்கு நன்றி" என்று போடுவோம். பெயர் போட இடம் இருக்காது. வட்டத்துத் தலைவருடைய படம் பெரியது. கூட்டம் நடந்தால் ஜெசிந்தாவுக்கு ஓர் உயர்ந்த பதவியும் கொடுத்திருந்தோம். தேநீர் ஊற்றுவது.

சேமக்காலையில், அடக்கத்துக்கு முன், தலைவர் இரங்கலுரை ஆற்றினார். "பூமியைப் போன்ற பொறுமைசாலி. வாய் திறந்து ஒரு சொல் எதிர்த்துச் சொன்னதில்லை. இதுவல்லவோ பெண்மை!" என்றார். பெட்டிக்குள் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது என்று நான் சத்தியம் பண்ணத் தயார். இதே தலைவர் முன்பொருமுறை, "பெண்ணே நீ பூமி" என்று நாற்பது பக்கக் காவியம் கொண்டுவந்தார். அதைத் தட்டி முடித்த ஜெசிந்தா என்னிடம் சொன்னார்: "ஏன் அண்ணை எங்களைப் பூமி எண்டு சொல்லினம் தெரியுமோ? ஏறி நிண்டு மிதிக்கத்தான். வானம் எண்டு சொன்னா அண்ணாந்து பாக்க வேணுமெல்லே."

தலைவரை விடுங்கள். இந்தக் கதையில் பெரிய குற்றவாளி நான்.

ஒரு நாள் கூட்டத்தில், எல்லாரும் வாசித்து முடித்த பிறகு, ஜெசிந்தா மடித்த தாள்களோடு எழுந்தார். "நானும் ஒரு கதை எழுதினனான்." அவர் எழுதிய கதையின் தலைப்பு, "கிணற்றடியில் வழுக்கவில்லை." கன்னம் வீங்கிப் பூசைக்கு வரும் ஒருத்தியிடம், என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிணற்றடியில் வழுக்கினது என்று வழமையாகச் சொல்கிறவள், அன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். அடித்தவன் கோயிலில் பக்கத்து வாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறான். வாசித்து முடிந்ததும் கூடம் அசையவில்லை. அந்த அமைதியை உடைத்த பெருமை எனக்குரியது. "அருமை பிள்ளை! இதை எந்த ஆம்பிளை எழுதித் தந்தது?" என்றேன். கூடமே சிரித்தது. தலைவர் சிரித்த சிரிப்பில் தலைமன்னார் வரைக்கும் கழுதைகள் மிரண்டு ஓடின.

ஜெசிந்தா தாளை மடித்தார். எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். என் கோப்பையில் மட்டும் சீனிக்குப் பதிலாக உப்பு. என் கண்ணைப் பார்த்தபடி நின்றார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கூட்டத்தில் கதை வாசித்ததே இல்லை.

இரண்டு வருடம் கழித்து என் மகத்தான நாவல் அச்சுக்குப் போனது. பெயர் "உப்புக்காற்றின் உத்தமி." கதாநாயகி றெஜினா. முகாமிலிருந்து திரும்பியவளைக் கணவன் சந்தேகிக்கிறான். தன் கற்பை நிரூபிக்க அவள் விடத்தல்தீவுக் கடலுக்குள் நடந்துபோய் மாண்டுபோகிறாள். எழுதிவிட்டு நானே விம்மி விம்மி அழுதேன். பிழை திருத்துவதற்கான அச்சுப்படி வந்தது. கடைசி அத்தியாயத்து ஓரத்தில் சிவப்பில்: "அண்ணை, இங்கே முழங்கால் தண்ணீர்."

அச்சகத்துக்கு ஓடினேன்.

"விடத்தல்தீவில எங்கயண்ணை ஆழம்? கண்டல் பத்தையும் சேறும். இவ சாகிறதெண்டா மன்னாருக்கு பஸ் எடுக்க வேணும்."

"பிள்ளை, இலக்கியத்தில கடல் எப்பவும் ஆழமாத்தான் இருக்கும்."

"பொம்பிளை இறங்கேக்க மட்டும். உங்கட கதையளில ஆம்பிளையள் இறங்கினா மீன் பிடிச்சுக்கொண்டெல்லோ வருகினம்."

"நான் எழுதினபடியே போடும்!" என்று கர்ஜித்துவிட்டு வந்தேன்.

வெளியீட்டு விழா. சிலாவத்துறையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற அதிபர் அம்மா சிறப்பு விருந்தினர். "இந்த நாவலின் உச்சம் கடைசிப் பக்கம்" என்று புத்தகத்தைத் திறந்து வாசித்தார்:

"றெஜினா நடந்தாள். தண்ணீர் முழங்காலில் நின்றது. இன்னும் நடந்தாள். அப்போதும் முழங்கால்தான். கடலுக்கே விருப்பமில்லை என்று திரும்பிவந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் தட்டினான். 'கடல் அங்கதான் இருக்கு. போய் உம்மட மனசைக் கழுவிக்கொண்டு வாரும்' என்றாள். கதவு திறக்கவில்லை."

என் நாவலின் முடிவை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். பின்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். கூரை ஓடுகள் பறந்து இராமேஸ்வரத்தில் விழுந்தன. பொன்னாடை வந்தது. "ஒரு ஆண் இப்படி எழுதியிருக்கிறாரே!" என்றார் அதிபர் அம்மா. நான் என்ன செய்தேன்? குனிந்து, அடக்கத்தோடு, பொன்னாடையை வாங்கிக்கொண்டேன்.

பிறகு தேநீர்த் தட்டோடு ஜெசிந்தா வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை. "அருமை அண்ணை. இதை எந்தப் பொம்பிளை எழுதித் தந்தது?"

பக்கத்தில் இருந்த தலைவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் கோப்பையை எடுத்தேன். அன்றைய தேநீரில் சீனிதான் போட்டிருந்தார். உப்பை விட அது மோசமாக இருந்தது.

கடைசியாக அவரைக் கண்டது ஆஸ்பத்திரியில். "பிள்ளை, அடுத்த பதிப்பில உம்மட பேரைப் போடப்போறன்" என்றேன், பெரிய வள்ளலைப்போல.

"இப்ப போடாதேங்கோ. போட்டா, என்ன பெருந்தன்மை எண்டு அதுக்கும் உங்களுக்குத்தான் கைதட்டுவினம்."

"அப்ப?"

"நான் போனாப் பிறகு சொல்லுங்கோ. முழுசாச் சொல்லுங்கோ. நீங்கள் என்னைக் கேட்ட கேள்வியையும் சேத்து."

சொல்லிவிட்டேன், ஜெசிந்தா. என் நாவலின் முடிவு என்னுடையதல்ல. அந்தப் பொன்னாடையும் என்னுடையதல்ல. அதை நிரோஷாவிடம் கொடுத்துவிட்டேன். இதை வாசிக்கிற எவராவது என் நேர்மையைப் பாராட்ட வாயெடுத்தால், தயவுசெய்து அந்த வாயை விடத்தல்தீவுக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது சிவப்புப் பேனா பட்ட ஒரு தாள். "அண்ணை, இங்கே முழங்கால் தண்ணீர்." இனி எந்தப் பெண்ணையாவது சாகடிக்க என் பேனா கிளம்பினால், அந்தத் தாள் முன்னால் வந்து நிற்கும்.

இந்த நினைவு மலர் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மண்டபத்து நினைவுக் கூட்டத்தில் உங்கள் கைக்கு வரும். பக்கங்களை அமைத்தவள் அவருடைய பெறாமகள் நிரோஷா. தலைவர் கொடுத்தனுப்பிய "பூமித்தாய் ஜெசிந்தா" என்ற கவிதையைக் காட்டி, "மாமா, இதுக்கு இடமில்லை" என்றாள். "இடமில்லாட்டி என்ன செய்யலாம்? கவிதை எழுதின சகோதரருக்கு நன்றி எண்டு போட்டுவிடு" என்றேன். கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறாள். பெயர் போடவில்லை.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில்தான் இருப்பீர்கள். இந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். "கிணற்றடியில் வழுக்கவில்லை" அங்கே தொடங்குகிறது. மரிய ஜெசிந்தா என்ற பெயர் உங்கள் படத்தை விடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாசித்து முடியுங்கள். பிறகு, இதை எந்த ஆம்பிளை எழுதிக் கொடுத்தது என்று என்னைக் கேளுங்கள். மண்டபத்தின் பின்பக்கம் நிற்பேன். இன்றைக்குத் தேநீர் ஊற்றுவது நான்தான்.