புரதம் சேர்க்காத குமிழிகள்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் என் அக்கா மூச்சை அடக்கிக்கொள்வாள். வருஷக்கணக்காக இப்படித்தான். "உன் மூச்சு பட்டா பறந்துடுமாக்கா?" என்று கேலி செய்தால், பேசாதே என்று கையை மட்டும் ஆட்டுவாள்.

அவள் பார்ப்பது குமிழிகளை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சரக்குச் சுமக்கும் நுண்ணிய பைகள் உண்டு. அதே மாதிரிப் பைகளைக் கொழுப்பால் கொஞ்சம் பெரிதாகச் செய்து, சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உருவம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். அதே ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன்.

அந்த மாதம் ஒரு புரதத்தைச் சேர்த்ததும் உருண்டைகள் பேரிக்காய் போல நீண்டு, நுனியில் மொட்டு விட்டன. ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காவின் வேலை மாதக் கடைசியோடு முடிகிறது. இந்த மொட்டு நிஜமானால்தான் நீட்டிப்பு. மேடம் இதை ஒரு கூட்டத்தில் பேசுவதாக இருந்தது.

கூட்டத்தன்று காலையில் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை எடுத்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மூடி கோணலாக இருந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது.

"என்னக்கா?"

"ஆவியாகி, சர்க்கரை கெட்டியாயிடுச்சுடி. அது குமிழிக்குள்ள இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும். வயிறு ஒட்டினா தோல் மிஞ்சும். மிஞ்சுன தோல் தானாவே மொட்டு விடும்."

"அப்போ புரதம்?"

"புரதம் போடாததையும் முன்னாடி பார்த்தேன், மொட்டு வரல. ஆனா வேற பாட்டில் தண்ணில. புத்தி எங்க மேயப் போச்சோ!"

புரதம் படாத குமிழிகளை அந்தக் கெட்டித் தண்ணீரில் விட்டாள். கண்ணை வைத்தாள். நான் கழுவிய குடுவையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் முதுகு அசையவே இல்லை.

கதவு திறந்தது. "கெளம்பிட்டேன், புதுப் படம் ஏதாவது இருக்கா?" என்றார் மேடம்.

அக்கா எழுந்து இடம் விட்டாள். மேடம் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா, எவ்ளோ மொட்டு! புரதம் எவ்ளோ போட்ட?"

"போடவே இல்ல மேடம்."

மேடம் நிமிரவில்லை. குழாயை மூட எனக்குக் கை வரவில்லை.

"இது போச்சுன்னா உன் வேலை என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

மேடம் கூட்டத்தில் வேறு எதையோ பேசிவிட்டு வந்தார். நீட்டிப்பு கிடைக்கவில்லை. அக்கா இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். வீட்டுச் செலவு என் சம்பளத்தில் ஓடுகிறது. அந்தப் புரதம் மொட்டு விடவைக்குமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.