கடல் பார்த்த காசு

அனீபா பாய், கண்ணில் கட்டுப் போட்டிருந்த ஒரு தாயிடம் கடல் பார்த்ததற்குக் காசு வாங்கியவர் நீங்கள்.

ஷார்ஜாவில், எங்கள் அறையில், மொய்து இப்போது தனித் தட்டில் சாப்பிடுகிறான். வெளியாளுக்கு இது ஒன்றுமில்லை. வந்த நாள் முதல் ஒரே சஹனில், அந்தப் பெரிய தாம்பாளத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் நாங்கள். அவன் மலப்புரத்துக்காரன், நான் கூனிமேடு. அவன் அம்மாவுக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன் என்றதும் பக்கத்தில் நம் கூனிமேட்டுக் கடற்கரையில் இருக்கும் உங்கள் லாட்ஜில் தங்கச் சொன்னது நான்தான். போனில் நாள் வாடகை சொன்னீர்கள். வேறு ஏதும் உண்டா என்று நான் கேட்கவில்லை. சொந்த ஊர்க்காரரைத் துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவன் நான்.

அறையைக் காலி செய்யும்போது உங்கள் ஆள் பில்லை நீட்டியிருக்கிறான். வாடகைக்குக் கீழே கடல் பார்வை, காற்று, தோட்டம் என்று தனித்தனியாகக் காசு. கையிலிருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு, கட்டுப் பிரித்தபின் டாக்டர் பார்க்க வேண்டிய நாளுக்குக்கூட நிற்க முடியாமல், மொய்துவின் தம்பி அம்மாவை ரயிலேற்றிவிட்டான். அந்தக் கண்ணில் இன்னும் புகைபோலத்தான் தெரிகிறதாம்.

விடுப்பில் வந்தபோது உங்களிடமே கேட்டேன்.

"வாடகை மட்டும்னு தானே பாய் சொன்னீங்க?"

"வாடகை வேற, வசதி வேற. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கட்டுப் போட்ட கண்ணுக்கு என்ன கடல் பாய்?"

"ஜன்னல் திறந்துதானே இருந்துது? நீயே துபாய்க்காரன், இதெல்லாம் ஒரு காசாப்பா?"

அதே காற்றில்தான் மரக்காணத்தில் உப்பு விளைகிறது. அங்கே யாரும் காற்றுக்குப் பில் போட்டு நான் பார்த்ததில்லை.

நான் துணி வெளுக்கும் ஹோட்டலில் மொத்தக் கட்டணமும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். அங்குள்ள அரபி மேனேஜரிடம் இதைச் சொன்னேன். கடலுக்குக் கட்டணம் என்றதும், "உங்க ஊர் லாட்ஜ் கப்பல்லயா இருக்கு?" என்று கேட்டான். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

பில்லில் கூடுதலாகப் போன பணத்தை மொய்துவிடம் நீட்டினேன். "காசு வேண்டா பாய். நின்டெ ஊர்னு சொன்னே, அதான் போனாங்க" என்றான். அன்றிலிருந்துதான் தனித் தட்டு.

இங்கே நான் கூனிமேட்டுக்காரன், அதனால் மொய்துவுக்கு ஆகாதவன். உங்களுக்கோ நான் துபாய்க்காரன், கறக்க வேண்டியவன். சஹனில் என் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜமாஅத் கலையும் முன், பள்ளிவாசல் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள் பாய்: அந்த அம்மா உங்கள் ஜன்னலில் எதைப் பார்த்தார்?