ஊருக்குப் போனதாகச் சொல்லப்பட்ட அக்கா

தொப்பூருக்குப் பக்கத்தில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் ஒரு மழைக்காலம் முழுக்க வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றதிலிருந்து எந்த ஊரிலும் நிலைக்காதவன் நான். அங்கே சோறும் படுக்க இடமும் கொடுத்தார்கள், தங்கிவிட்டேன். துணி துவைப்பதும், படுத்திருப்பவர்களைப் புரட்டிப் போடுவதும் என் வேலை.

அவர்களில் ஒருவர் லாரி டிரைவர். கணவாயில் வண்டி கவிழ்ந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்த ஓர் அக்காதான் அவருக்கு ஊட்டிவிடுவார். திட்டிக்கொண்டே ஊட்டுவார்.

அந்த அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை அவர் தன் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, வெளியாள் உள்ளே போகவும் கூடாது. மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று மேனேஜரம்மா, "ஊருக்குப் போயிருக்காங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். தப்பு அதில்தான். வேலையை விட்டு ஓடியவர்களைப் பற்றியும் அங்கே அப்படித்தான் சொல்வது வழக்கம். டிரைவர் அன்றைக்கே, யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

அம்மை என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்.

"கதை உடாதடா. எத்தன பேரு ஊருக்குப் போனாங்க, எவன் திரும்பி வந்தான்?"

அக்காவின் போனும் அணைந்து கிடந்தது. கஞ்சி இறங்காமல் டிரைவருக்குக் கண் உள்ளே போய்விட்டது. பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அவர் மாமியார், "அங்கியே நில்லுப்பா" என்றார். தெருவில் நின்றபடியே சத்தமாக விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"லாரி ஓட்டுனவருக்கு ரோசத்தப் பாருங்க தம்பி! மூணாந்தண்ணி ஊத்துனதும் வந்துடுவேன். அதுக்குள்ள மூஞ்சியத் திருப்புனாருன்னா, பச்ச மொளகாய வாயில வைப்பேன்னு சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரும்பிப் போய் அப்படியே சொன்னேன். மிளகாய் என்றதும் டிரைவரின் வாயோரம் அசைந்தது. "அவளேதான். வேற எவளுக்கு இந்த வாயி வரும்? கஞ்சியக் கொண்டாடா." பாதி குடித்ததும், "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். மீதியும் இறங்கியது.

அக்கா தழும்பு முகத்தோடு திரும்பி வந்தார். டிரைவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூஞ்சி என்னா, புள்ளி வச்ச கோலமாட்டம் இருக்குது?"

"மொதல்ல வாயத் தொறங்க" என்று சொல்லி, அக்கா என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

மழை விட்டதும் நான் ஓசூர் போய்விட்டேன். அங்கே ஒரு குடோனில் மூட்டை தூக்கியபோது காய்ச்சல் வந்து கிடந்தேன். மறுநாளே என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படுத்திருந்த நாளெல்லாம், தெருவில் யாராவது வந்து நின்று, எப்போது வருவாய் என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.